வண்டிக்காரர் மகன் குடியரசின் முதல் ஜனாதிபதி!

1918-ம் வருஷம் டிசம்பர் மாதம் 21-ந் தேதி. நல்ல குளிர்காலம். ஐரோப்பாவின் நடுவில் இருக்கும் பிராக் நகரத்தில் அன்று வீட்டுக்குள் இருந்தவர்கள் கொஞ்சம்பேர்தான். தெருவின் இரண்டு பக்கமும் ஜனங்கள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். கிழவர்கள் அழுதார்கள். பையன்கள் விளக்குக் கம்பங்களில் தொற்றிக்கொண்டு இருந்தார்கள்.

ரெயில் வந்தது. வெள்ளைத் தாடியும், மூக்கில் இடுக்கிய கண்ணாடியும், ஒல்லியான உடம்புமாக ஒரு பெரியவர் இறங்கினார். அவருக்கு வயது 68. நான்கு வருஷங்களுக்கு முன்பு இதே நாட்டைவிட்டு அவர் வெளியேறியபோது, ஆஸ்திரியா சர்க்கார் அவரைப் பிடித்துச் சிறையில் தள்ளக் காத்திருந்தது. இப்போது அந்த சர்க்காரே இல்லை. புதிதாகப் பிறந்த செக்கோஸ்லோவேகியா குடியரசின் முதல் ஜனாதிபதியாக அவர் திரும்பி வந்திருக்கிறார்.

அவரை ஏற்றிச் செல்ல, சக்கரவர்த்திகள் ஊர்வலம் போகும் பொன்முலாம் பூசிய கோச்சுவண்டியை அலங்கரித்து நிறுத்தி இருந்தார்கள். அவர் அதில் ஏற மறுத்துவிட்டார். ஒரு மோட்டார் காரில் ஏறி உட்கார்ந்தார். கார் கோட்டையை நோக்கிப் போயிற்று.

இதில் ஒரு விசேஷம் உண்டு. அந்தப் பெரியவரின் தகப்பனார் ஆஸ்திரியச் சக்கரவர்த்தி குடும்பத்துப் பண்ணையில் கோச்சுவண்டி ஓட்டிப் பிழைத்தவர்!

அந்தப் பெரியவர்தான் தாமஸ் மஸாரிக்.

லாடம் அடித்த சிறுவன்

மஸாரிக் 1850-ம் வருஷம் மார்ச் 7-ந் தேதி மொரேவியாவில் ஹோடோனின் என்ற ஊரில் பிறந்தார். அந்தக் காலத்தில் செக் மக்களின் நாடு ஆஸ்திரியச் சாம்ராஜ்யத்துக்கு உட்பட்டு இருந்தது. வியன்னாவில் பிரான்சிஸ் ஜோசப் என்ற சக்கரவர்த்தி ஆண்டு வந்தார். சர்க்கார் காரியங்களில் ஜெர்மன் பாஷைக்குத்தான் மரியாதை. செக் பாஷை வீட்டிலும் வயலிலும் பேசும் பாஷை.

தகப்பனார் ஜோசப், ஸ்லோவாக் இனத்தவர். எழுதப்படிக்கத் தெரியாதவர். பண்ணை அடிமையாகப் பிறந்தவர். தாயார் தெரேசா சமையல் வேலை செய்தவர். பெரிய வீடுகளில் வேலை பார்த்ததால் அங்கே உள்ள பிள்ளைகள் எப்படிப் படிக்கிறார்கள் என்று அந்த அம்மாளுக்குத் தெரியும். தன் மகன் இன்னொருவர் குதிரையைப் பிடித்துக்கொண்டு நிற்கக்கூடாது என்பது அவருடைய ஆசை. மஸாரிக்கின் படிப்புக்கு வித்து போட்டவர் அந்தத் தாயார்தான்.

ஆனால் ஆசை மட்டும் இருந்தால் போதுமா? பள்ளிக்கூடம் முடிந்ததும், 14 வயதில் பையனை வியன்னாவில் ஒரு பூட்டு செய்கிறவரிடம் தொழில் பழக விட்டார்கள். அங்கே ஒரு யந்திரத்தின் முன்னால் நின்று, பூட்ஸ் குதிகாலுக்கு அடிக்கும் லாடம் செய்வதே வேலை. காலை முதல் மாலை வரை ஒரே மாதிரி. பையன் கையோடு சில புத்தகங்களைக் கொண்டு போயிருந்தான். கூட வேலை செய்த ஒரு பையன் அவற்றைத் திருடிவிட்டான். தொழில் பிடிக்காததைக்கூடப் பொறுத்துக்கொண்ட பையனால் புத்தகம் போனதைப் பொறுக்க முடியவில்லை. ஊருக்கு ஓடி வந்துவிட்டான்.

அடுத்தபடி ஒரு கொல்லன் பட்டறை. இது அவனுக்குப் பிடித்திருந்தது. இரும்பு பழுக்கக் காய்ந்து, நினைத்த உருவத்துக்கு வளைவது யந்திரத்தின் முன்னால் நிற்பதைவிட மேல் அல்லவா? கொல்லனாகவே இருந்திருப்பார். ஆசிரியர்கள் சிலர் விடவில்லை. இந்தப் பையன் படிக்கவேண்டியவன் என்று பெற்றோருக்குச் சொல்லி, மறுபடி பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப வைத்தார்கள்.

பிரூன் நகரத்தில் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தார். வீட்டிலிருந்து பணம் வராது. மற்றப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துச் சாப்பிட்டார். அந்த ஊர்ப் போலீஸ் தலைமை அதிகாரி தமது மகனுக்கு வாத்தியாராக அவரை வைத்துக்கொண்டார். பள்ளித் தலைவருடன் சண்டை வந்து மஸாரிக் வெளியேற நேர்ந்தபோது, அந்த அதிகாரிதான் கை கொடுத்தார். அவருக்கு வியன்னாவுக்கு மாற்றல் வந்ததும் மஸாரிக்கும் கூடவே போனார். பூட்டுப் பட்டறையை விட்டு ஓடி வந்த அதே வியன்னாவில், சர்வகலாசாலையில் படித்து 1876-ல் டாக்டர் பட்டம் பெற்றார்.

மனைவியின் பெயரைத் தன் பெயரில் சேர்த்தவர்

மேல்படிப்புக்காக ஜெர்மனியில் லைப்சிக் நகரத்துக்குப் போனார். அங்கே சங்கீதம் படிக்க வந்த ஓர் அமெரிக்கப் பெண்ணைச் சந்தித்தார். பெயர் ஷார்லட் காரிக். நியூயார்க்கில் புரூக்ளின் பகுதியைச் சேர்ந்தவர். இரண்டு பேரும் சேர்ந்து புத்தகங்களைப் படித்தார்கள். காதல் அப்படித்தான் வளர்ந்தது. 1878-ம் வருஷம் மார்ச் மாதம் மஸாரிக் கடல் கடந்து அமெரிக்காவுக்குப் போய் அவரைத் திருமணம் செய்துகொண்டார்.

கலியாணம் ஆனால் மனைவிதான் கணவன் பெயரைச் சேர்த்துக்கொள்வது வழக்கம். மஸாரிக்கும் மனைவியின் குடும்பப் பெயரைத் தன் பெயரில் சேர்த்துக்கொண்டார். அன்று முதல் அவர் தாமஸ் காரிக் மஸாரிக். ஆணும் பெண்ணும் சமம் என்று மேடையில் பேசுகிறவர்கள் அன்றும் உண்டு. பெயரில் எழுதிக் காட்டியவர்கள் அதிகம் இல்லை.

1882-ல் பிராக் சர்வகலாசாலையில் அவருக்கு வேலை கிடைத்தது. அந்த வருஷந்தான் சர்வகலாசாலையை ஜெர்மன், செக் என்று இரண்டாகப் பிரித்தார்கள். செக் பகுதியில் அவர் தத்துவப் பேராசிரியர். மாணவர்களைத் தன் வீட்டுக்கே கூப்பிட்டு, சரிசமமாக உட்கார வைத்துப் பேசினார். இது அங்கே புதுமை. மாணவர்களுக்கு அவரை மிகவும் பிடித்துப்போயிற்று. பழைய பேராசிரியர்களுக்குப் பிடிக்கவில்லை.

கள்ள ஏடுகள்

நான்கே வருஷத்தில் பெரிய சோதனை வந்தது.

செக் மக்கள் உயிராகப் போற்றிய இரண்டு பழைய ஏடுகள் இருந்தன. ஒன்று 1817-லும், மற்றொன்று அதை அடுத்தும் கண்டெடுக்கப்பட்டதாகச் சொன்னார்கள். அவற்றில் வீரப் பாடல்கள் இருந்தன. பல நூறு வருஷங்களுக்கு முந்தியவை என்றார்கள். ஜெர்மானியருக்கு இலக்கியம் தோன்றுவதற்கு முன்பே நமக்கு இப்படிப்பட்ட இலக்கியம் இருந்தது பார் என்று செக் மக்கள் தலைநிமிர்ந்து சொல்ல அந்த ஏடுகள் உதவின. ஓவியர்கள் அந்தக் கதைகளைத் தீட்டினார்கள். பள்ளிக்கூடங்களில் பாடமாக வைத்தார்கள். அடிமைப்பட்ட ஜாதிக்கு இப்படி ஒரு பெருமை எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

சிக்கல் என்னவென்றால், ஏடுகள் பொய். அவற்றைக் கண்டெடுத்ததாகச் சொன்ன ஹங்கா என்பவரும் அவருடைய நண்பர்களுமே எழுதியவை என்ற சந்தேகம் ரொம்ப நாளாக உண்டு. ஆனால் வெளியே சொல்ல யாருக்கும் தைரியம் இல்லை. கெபாவர் என்ற பாஷைப் பண்டிதர், ஏட்டில் உள்ள சொற்களும் இலக்கணமும் அந்தக் காலத்தவை அல்ல என்று எழுதினார். 1886-ல் மஸாரிக் தமது பத்திரிகையில் அதை வெளியிட்டார். தாமும் எழுதினார். ஒரு ஜாதியின் மானம் பொய்யின்மேல் நிற்கக்கூடாது என்பது அவருடைய கட்சி.

நாடே கொதித்தது. தேசத்துரோகி என்று பத்திரிகைகள் ஏசின. நாட்டைவிட்டு ஓடிப்போ என்று எழுதினார்கள். தெருவில் அவரைப் பார்த்தால் தெரிந்தவர்களும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவருக்கு வரவேண்டிய உத்தியோக உயர்வு தள்ளிப்போடப்பட்டது. மூன்று வருஷத்தில் முழுப் பேராசிரியர் ஆகவேண்டியவர், சேர்ந்து பதினான்கு வருஷம் ஆன பிறகுதான் ஆனார். அவர் வீட்டில் குழந்தைகள் வளர்ந்துகொண்டிருந்த காலம் அது. கடன் வாங்கித்தான் காலம் தள்ளினார்கள்.

இன்று அந்த ஏடுகள் உண்மை என்று சொல்லும் பண்டிதர் யாரும் இல்லை என்றே சொல்லலாம்.

ஓர் ஏழை யூதனுக்காக

1899-ம் வருஷம் ஈஸ்டர் சமயம். போல்னா என்ற சிறிய ஊருக்குப் பக்கத்தில் காட்டில் 19 வயதுத் தையல்காரப் பெண் ஒருத்தி கொலை செய்யப்பட்டுக் கிடந்தாள். யூதர்கள் தங்கள் சடங்குக்காகக் கிறிஸ்தவப் பெண்ணின் ரத்தத்தை எடுத்தார்கள் என்று வதந்தி பரவியது. இது ஐரோப்பாவில் நூற்றாண்டுக் கணக்காக இருந்துவந்த கொடிய மூடநம்பிக்கை. ஹில்ஸ்னர் என்ற ஏழை யூத வாலிபனைப் பிடித்தார்கள். நிலையான வேலை இல்லாமல் திரிந்தவன். சரியான சாட்சியம் இல்லை. ஆனாலும் அவனுக்குத் தூக்குத்தண்டனை விதிக்கப்பட்டது.

மஸாரிக்குக்கு அந்த வாலிபனைத் தெரியாது. அவன் நல்லவன் என்று சொல்லவும் அவர் வரவில்லை. வழக்கின் தஸ்தாவேஜுகளை வாங்கிப் படித்தார். ரத்தச் சடங்கு என்ற கதையையே முதலில் உடைக்கவேண்டும் என்று ஒரு சிறு புத்தகம் எழுதினார். சர்க்கார் அதைப் பறிமுதல் செய்தது.

பிறகு நடந்ததுதான் கொடுமை. அவர் யாருக்காக வீட்டுக் கதவைத் திறந்து வைத்தாரோ, அதே மாணவர்கள் வகுப்பில் கூச்சல்போட்டு அவரைப் பேசவிடாமல் அடித்தார்கள். அவருடைய வகுப்புகள் சில காலம் நிறுத்தி வைக்கப்பட்டன. மனம் நொந்துபோன மஸாரிக், எல்லாவற்றையும் விட்டு அமெரிக்காவுக்கே போய்விடலாமா என்றுகூட நினைத்தார். வேண்டாம் என்று தடுத்தவர் அமெரிக்காவில் பிறந்த அவருடைய மனைவி!

ஹில்ஸ்னருக்கு இரண்டாம் முறை விசாரணை நடந்தது. மறுபடி குற்றவாளி என்றே தீர்ப்பு. ஆனால் தூக்கு ஆயுள் தண்டனையாக மாறியது. 1918-ல் தான் அவன் விடுதலை ஆனான். இந்த விஷயத்தில் மஸாரிக் அப்போது எதையும் ஜெயித்ததாகச் சொல்லமுடியாது. ஓர் உயிர் மிஞ்சியது. அவ்வளவுதான்.

64 வயதில் நாடு கடந்தார்

1907-ல் அவர் வியன்னா பார்லிமெண்டில் அங்கத்தினர் ஆனார். அதற்கு முன்பும் ஒரு தடவை இருந்து, ராஜினாமா செய்தவர்தான். அவருடைய கட்சி மிகச் சிறியது. 1911-ல் அந்தக் கட்சிக்கு இருந்த ஒரே அங்கத்தினர் அவர்தான். ஆனாலும் மந்திரிகள் அவருக்குப் பயந்தார்கள். 1909-ல் தெற்கு ஸ்லாவ் தலைவர்கள்மீது ராஜத்துரோகக் குற்றம் சாட்ட உபயோகித்த தஸ்தாவேஜுகள் கள்ளத் தஸ்தாவேஜுகள் என்று அம்பலப்படுத்தி, வெளிநாட்டு மந்திரியைத் தலைகுனிய வைத்தார். கள்ள ஏட்டைக் கண்டுபிடிப்பதில் அவருக்குப் பழக்கம் உண்டல்லவா?

1914-ல் முதல் மகாயுத்தம் மூண்டது. அதுவரையில் ஆஸ்திரியாவுக்குள்ளேயே உரிமை கேட்கலாம் என்று எண்ணியிருந்தவர், இனி அது முடியாது என்று முடிவு கட்டினார். அப்போது வயது 64. மற்றவர்கள் பென்ஷன் வாங்கிக்கொண்டு பேரனைக் கொஞ்சும் வயதில், டிசம்பர் மாதம் இளைய மகள் ஓல்காவை அழைத்துக்கொண்டு இத்தாலிக்கு ரெயில் ஏறினார். திரும்பி வந்தால் சிறை.

குடும்பம் அதற்கு விலை கொடுத்தது. மூத்த மகன் ஹெர்பர்ட் ஓவியர். 1915-ல் விஷக்காய்ச்சலில் இறந்தார். தகப்பனாரால் வந்து முகம் பார்க்க முடியவில்லை. மூத்த மகள் ஆலிஸைப் பிடித்துச் சிறையில் போட்டார்கள். அமெரிக்காவில் கிளர்ச்சி செய்து கேட்ட பிறகே 1916-ல் விட்டார்கள். மனைவிக்கு மனநோய் கண்டது. அந்த அம்மாள் பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை.

மஸாரிக் ஜெனீவாவில் இருந்தார். லண்டனில் பேராசிரியர் வேலை பார்த்தார். பாரிஸில் அவருடைய சிஷ்யர் பெனெஷும், ஸ்டெபானிக் என்ற ஸ்லோவாக் விமானியும் சேர்ந்து உழைத்தார்கள். ஸ்டெபானிக் வானசாஸ்திரம் படித்தவர். பிரெஞ்சு ராணுவத்தில் ஜெனரலாக உயர்ந்தவர். 1919-ல் நாடு திரும்பும்போது விமானம் விழுந்து இறந்துபோனார்.

1917-ல் மஸாரிக் வேறு பெயரில் பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வாங்கிக்கொண்டு ருஷ்யாவுக்குப் போனார். ஆஸ்திரியப் படையில் சேர்க்கப்பட்டு ருஷ்யரிடம் கைதியான செக், ஸ்லோவாக் சிப்பாய்கள் அங்கே ஏராளம். அவர்களைத் திரட்டி ஒரு படை அமைத்தார். பின்னாளில் அது சுமார் 50,000 பேர் கொண்ட படையாயிற்று. நிலம் இல்லாத நாட்டுக்கு முதலில் படை கிடைத்தது.

ருஷ்யாவில் அப்போது புரட்சி. மாஸ்கோவில் ஒருநாள் தெருவில் குண்டுகள் பறந்தன. மஸாரிக் ஓடிப்போய் மெட்ரோபோல் ஹோட்டல் கதவைத் தட்டினார். இங்கே தங்கி இருப்பவரா என்று காவல்காரன் கேட்டான். ஆமாம் என்றால் கதவு திறக்கும். ஆனால் அது பொய். இல்லை என்றால் வெளியே குண்டு. மஸாரிக் இரண்டையும் சொல்லவில்லை. அசட்டுத்தனமாகக் கேட்காதே, கதவைத் திற என்று ஒரு அதட்டல் போட்டார். காவல்காரன் திறந்துவிட்டான்! இந்தக் கதையைப் பிற்காலத்தில் எழுத்தாளர் காரல் சாப்பெக்கிடம் அவரே சொல்லி இருக்கிறார். ரோபோ என்ற சொல்லைத் தமது நாடகத்தின் மூலம் உலகத்துக்குக் கொடுத்தாரே, அந்தச் சாப்பெக்தான்.

1918 மார்ச் மாதம் மாஸ்கோவில் ரெயில் ஏறி, சைபீரியா முழுவதும் கடந்து, ஜப்பான் வழியாக அமெரிக்காவுக்குப் போனார். சிக்காகோவில் செக் மக்கள் லட்சக்கணக்கில் குடியேறி வாழ்ந்தார்கள். அந்த ஊரே திரண்டு வந்து வரவேற்றது. அமெரிக்க யூதர்களும் அவருக்கு ஆதரவாக நின்றார்கள். போல்னா ஊர் வழக்கை அவர்கள் மறக்கவில்லை. ஜனாதிபதி வில்சனும் ஒரு காலத்தில் பேராசிரியராக இருந்தவர். இரண்டு பேராசிரியர்களும் உட்கார்ந்து பேசினார்கள்.

அக்டோபர் 18-ந் தேதி வாஷிங்டனிலிருந்து சுதந்திரப் பிரகடனம் வெளியாயிற்று. 28-ந் தேதி பிராக் நகரத்தில் குடியரசு பிரகடனம் செய்யப்பட்டது. நவம்பர் 14-ந் தேதி, அவர் அமெரிக்காவில் இருக்கும்போதே, அவரை ஜனாதிபதியாகத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள்.

கொடியும் சட்டமும்

குடியரசு அமைந்ததும் பிரபு, ஜமீன்தார் பட்டங்கள் எல்லாம் ரத்தாயின. தொழிலாளிக்கு எட்டு மணி நேர வேலை என்று சட்டம் வந்தது. 1920 பிப்ரவரி 29-ந் தேதி அரசியல் சட்டம் நிறைவேறியது. பார்லிமெண்டுக்கு இரண்டு சபைகள். கீழ்ச்சபையில் 300 பேர், மேல்சபையில் 150 பேர். பெண்களுக்கும் ஓட்டு உண்டு. இரண்டு சபைகளும் சேர்ந்து ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்கும். அவருக்கு ஏழு வருஷப் பதவி. ஒருவர் தொடர்ந்து இரண்டு தடவைக்குமேல் இருக்கக்கூடாது. ஆனால் முதல் ஜனாதிபதிக்கு மட்டும் இந்தத் தடை இல்லை என்று சட்டத்திலேயே எழுதி வைத்தார்கள். மஸாரிக்மேல் அவ்வளவு பற்று. சட்டத்தில் ஒரு மனிதருக்காக விலக்கு வைப்பது நல்லதா என்று கேட்டால், நல்லதில்லை என்றுதான் சொல்லத் தோன்றுகிறது.

கொடி விஷயம் சுவையானது. பொஹீமியாவின் பழைய நிறங்கள் வெள்ளையும் சிவப்பும். அதையே கொடியாக வைத்தார்கள். ஆனால் பக்கத்துப் போலந்து நாட்டுக் கொடியும் வெள்ளை, சிவப்புதான்! எது யாருடையது என்று எப்படித் தெரியும்? ஆகவே கம்பத்தை ஒட்டி ஒரு நீல முக்கோணம் சேர்த்தார்கள். ஸ்லோவாக் மக்களின் நிறத்துக்கும் இடம் கிடைத்தது. 1920 மார்ச் 30-ந் தேதி அது சட்டமாயிற்று.

அரசுச் சின்னத்தில் இரட்டை வால் கொண்ட வெள்ளிச் சிங்கம். பொஹீமிய அரசர்களின் பழைய சின்னம் அது. ஜனாதிபதியின் கொடியில், உண்மை வெல்லும் என்று பொருள்படும் இரண்டு செக் சொற்களைப் பொறித்தார்கள். 1415-ல் உயிரோடு எரிக்கப்பட்ட யான் ஹஸ் என்ற சமயச் சீர்திருத்தக்காரரின் வழி வந்த வாசகம் அது. ஏடுகள் விஷயத்தில் மஸாரிக்கைத் துரோகி என்றவர்களில் சிலர், அந்தக் கொடி ஏறும்போது தொப்பியைக் கழற்றி மரியாதை செய்திருப்பார்கள்!

தேசிய கீதம் இரண்டு துண்டு. முதலில் செக் பாட்டில் ஒரு அடி. அது 1834-ல் நடந்த ஒரு நாடகத்தின் பாட்டு. அதை அடுத்து ஸ்லோவாக் பாட்டில் ஒரு அடி.

பிராக் கோட்டையில் கட்டடக் கலைஞர் பிளெச்னிக் என்பவரைக் கொண்டு முற்றங்களையும் தோட்டங்களையும் புதுப்பித்தார் மஸாரிக். அரசர்கள் இருந்த இடம் இனி ஜனங்கள் வந்து பார்க்கும் இடமாக இருக்கவேண்டும் என்பது அவருடைய எண்ணம். எண்பது வயதிலும் குதிரை ஏறி உலாவினார். வண்டிக்காரர் மகனுக்குக் குதிரை பழகச் சொல்லிக்கொடுக்க வேண்டுமா?

குறையும் உண்டு

எல்லாம் சரியாக நடந்துவிட்டது என்று எழுதினால் அது அவருக்கே பிடிக்காது.

நாட்டின் ஜனத்தொகை சுமார் 1 கோடியே 36 லட்சம். அதில் 31 லட்சம் பேர் ஜெர்மானியர். அவர்களைக் கேட்டு யாரும் குடியரசு அமைக்கவில்லை. ஊர் திரும்பிய மறுநாள் பேசியபோது மஸாரிக், ஜெர்மானியர் அந்த நாட்டுக்குக் குடியேறி வந்தவர்கள் என்று சொல்லிவிட்டார். எழுநூறு வருஷமாக அங்கேயே இருப்பவர்களுக்கு அது சுடாமல் இருக்குமா? 1919 மார்ச் 4-ந் தேதி ஜெர்மானியர் ஊர்களில் நடந்த கிளர்ச்சியில் சிப்பாய்கள் சுட்டதில் 50 பேருக்குமேல் மாண்டார்கள். பிறகு மஸாரிக் அவர்களோடு இணக்கமாகப் போகப் பாடுபட்டார். 1926-ல் ஜெர்மன் கட்சியினரும் மந்திரிசபையில் சேர்ந்தார்கள். ஆனாலும் ஆரம்பத்தில் பட்ட காயம் முழுவதும் ஆறவில்லை.

ஸ்லோவாக் மக்களுக்கும் ஒரு மனக்குறை. 1918-ல் அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் நகரத்தில், ஸ்லோவாக்குகளுக்குத் தனி நிர்வாகமும் தனிச் சட்டசபையும் உண்டு என்று ஒப்பந்தம் ஆயிற்று. மஸாரிக் அதில் கையெழுத்துப் போட்டிருந்தார். அது நிறைவேறவில்லை. அது அமெரிக்காவில் உள்ளவர்களுக்குள் ஆன ஏற்பாடு என்று பின்னால் சொன்னது, கையெழுத்துப் போட்டவர் வாயில் அழகாக இல்லை.

ஆனால் ஒன்றை மறுக்கமுடியாது. சுற்றி இருந்த நாடுகளில் ஒவ்வொன்றாகச் சர்வாதிகாரம் வந்தது. 1933-ல் ஜெர்மனியில் ஹிட்லர் வந்தார். செக்கோஸ்லோவேகியாவில் பார்லிமெண்டு நடந்துகொண்டே இருந்தது. ஹிட்லரிடமிருந்து தப்பிய ஜெர்மன் எழுத்தாளர்கள் பலர் பிராக் நகரத்தில்தான் அடைக்கலம் புகுந்தார்கள்.

லானி கிராமத்துக் கல்லறை

மனைவி ஷார்லட் 1923-ல் இறந்தார். லானி என்ற கிராமத்தில் ஜனாதிபதிக்கு ஒரு மாளிகை உண்டு. அந்த ஊர் மயானத்தில், ஊரார் கல்லறைகளுக்கு நடுவில் அடக்கம் செய்தார்கள்.

1934-ல் நான்காம் தடவையாக மஸாரிக்கையே தேர்ந்தெடுத்தார்கள். வயது 84. பக்கவாதம் கண்டு, கண்பார்வையும் மங்கியிருந்தது. 1935 டிசம்பர் 14-ந் தேதி தாமாகவே பதவியை விட்டார். பெனெஷ் ஜனாதிபதி ஆனார். 1937 செப்டம்பர் 14-ந் தேதி லானியில் மஸாரிக்கின் உயிர் பிரிந்தது. பிராக் தெருக்களில் லட்சக்கணக்கானவர்கள் நின்று வழியனுப்பினார்கள். மனைவியின் பக்கத்திலேயே அவரையும் அடக்கம் செய்தார்கள்.

ஒரு வருஷம் கழித்து மியூனிக் ஒப்பந்தம். நாட்டின் எல்லைப் பகுதிகளை ஹிட்லருக்குக் கொடுத்துவிட்டார்கள். 1939 மார்ச் 15-ந் தேதி ஜெர்மன் படை பிராக்கில் புகுந்தது. மஸாரிக் சிலைகள் வீழ்ந்தன. யுத்தம் முடிந்ததும் மறுபடி எழும்பின. 1948-ல் கம்யூனிஸ்டுகள் ஆட்சியைப் பிடித்த இரண்டு வாரத்தில், வெளிநாட்டு மந்திரியாக இருந்த இளைய மகன் யான் மஸாரிக், தமது ஜன்னலுக்குக் கீழே முற்றத்தில் பிணமாகக் கிடந்தார். தற்கொலையா கொலையா என்பது இன்றும் தீரவில்லை. சிலைகள் மறுபடி மறைந்தன. தெருக்களின் பெயர்கள் மாறின. 1989-ல் கம்யூனிஸ்டு ஆட்சி முடிந்த பிறகுதான் அவர் பெயர் திரும்பி வந்தது.

1993 ஜனவரி 1-ந் தேதி நாடு செக், ஸ்லோவாக் என இரண்டு குடியரசாகச் சண்டை இல்லாமல் பிரிந்தது. பழைய கூட்டு நாட்டின் சின்னங்களை இரண்டு பேரும் உபயோகிப்பதில்லை என்று சட்டம் செய்தார்கள். ஆனாலும் நீல முக்கோணக் கொடியைச் செக் குடியரசு விடவில்லை. இன்று அங்கே கீழ்ச்சபையில் 200 பேர். நான்கு வருஷப் பதவி. மேல்சபையில் 81 பேர். ஆறு வருஷப் பதவி. ஜனாதிபதிக்கு ஐந்து வருஷம். 2013 முதல் ஜனங்களே நேரே ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். தொடர்ந்து இரண்டு தடவைக்குமேல் யாரும் இருக்கமுடியாது. இப்போது யாருக்கும் விலக்கு இல்லை. பிராக் கோட்டையில் ஏறும் ஜனாதிபதி கொடியில் அதே இரண்டு சொற்கள் இருக்கின்றன.

சமீபத்தில் ஒரு செய்தி வந்தது. மஸாரிக்கின் கடைசி வார்த்தைகள் அடங்கியது என்று சொல்லி, முத்திரையிட்ட ஓர் உறை தேசிய ஆவணக் காப்பகத்தில் இருந்தது. மகன் யானின் காரியதரிசியாக இருந்தவர், இருபது வருஷம் கழித்துத்தான் திறக்கவேண்டும் என்று 2005-ல் ஒப்படைத்தது அது. 2025 செப்டம்பர் 19-ந் தேதி லானி மாளிகையில் அதைத் திறந்தார்கள். நாடே பார்த்துக்கொண்டிருந்தது. உள்ளே சில தாள்கள். பெரும்பகுதி இங்கிலீஷில் எழுதியிருந்தது. அமெரிக்கத் தாயார் இருந்த அந்த வீட்டில் இங்கிலீஷ் புழங்கியது உண்டு. சரித்திர ஆராய்ச்சியாளர்கள் படித்துப் பார்த்தார்கள். மரணப் படுக்கையில் சொன்னவை அல்ல, 1934-ல் கடும் நோயில் கிடந்தபோது சொல்லி எழுதியவையாக இருக்கவேண்டும் என்று தெரிவித்தார்கள்.